மருந்துக்குத் தப்பிய பழங்கள்

நாக்கை நீட்டச் சொன்னால் போதும், குட்டு உடைந்துவிடும். பள்ளி விட்டதும் நேரே லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) வராமல் பிள்ளை எங்கே சுற்றியது என்று தோட்டத்து அம்மாக்கள் பெரிய விசாரணை எதுவும் நடத்தியதில்லை. நாக்கில் கருநீலம் ஏறியிருந்தால் செண்டுடுக் புதருக்குப் போயிருக்கிறது. உதடு, பல், விரல் நுனி, சட்டைக் காலர் எல்லாம் சேர்ந்து சாயம் பிடித்திருந்தால் நெடுநேரம் போயிருக்கிறது. அல்லூறுத் (வடிகால்) தண்ணீரில் எத்தனை தடவை வாய் கொப்பளித்தாலும் போகாத சாயம் அது.

ஆலோர் காஜாவிலிருந்து ஜாசின் வரைக்கும் மலாக்கா மாநிலத்தின் எந்த உட்சாலையில் போனாலும் அந்தச் செடியை இன்றைக்கும் பார்க்கலாம். வெட்டிப்போட்ட மண்மேடு, மின்கம்பத்தின் அடி, செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தின் வேலி என்று அதற்கு இடம் பொருட்டே இல்லை. ஆளுயரத்துக்குச் சற்று முன்பின்னாக நிற்கும். இலையைத் தடவினால் பூனை நாக்கு மாதிரிச் சொரசொரப்பு. அடியிலிருந்து நுனிவரை ஓடும் நரம்புகள் ஒவ்வொரு இலையிலும் கோடு கிழித்தது போலத் தெரியும். ஐந்து இதழ்ப் பூ ஒரே நாளில் முடிந்துபோகும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். அந்த ரீங்காரத்தை இரண்டடி தள்ளி நின்றே கேட்கலாம். பிறகு சிறு குடம் போன்ற காய். முற்றியதும் அது குறுக்கே கோணல்மாணலாக வெடித்து, உள்ளே மையில் ஊறிய பஞ்சு போலச் சதை தெரியும். சதை நிறைய மணலைவிடப் பொடியான விதைகள். வெடிக்காததைப் பறித்தால் வாயெல்லாம் துவர்ப்பு. வெடித்துக் காய்ந்ததை எறும்பு முந்திக்கொள்ளும். நடுவில் இருக்கும் அந்த ஒரு நாளைக் கண்ணால் கணக்குப் பார்ப்பதுதான் கலை. ருசியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை: இனிப்பு பாதி, துவர்ப்பு பாதி. இதை ‘நம்ம ஊர் ப்ளூபெரி’ என்று எழுதுகிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது தின்றிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

காட்டுப்பழம் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் இவற்றில் முக்கால்வாசிக்குக் காட்டோடு ஒட்டுறவே கிடையாது. நெடுமரங்கள் நிற்கும் மலைக்காட்டின் இருட்டில் செண்டுடுக் தழைக்காது. மனிதன் வெட்டிய இடம், எரித்த இடம், உழுது களைத்து விட்டுப்போன இடம் இவைதான் அதற்கு வீடு. புளித்த மண்ணில் மற்றச் செடிகளுக்கு நஞ்சாகும் அலுமினியத்தை இலைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு சுகமாக வாழ்கிற செடி. தோட்டக் கணக்கில் அதற்கு ஒரே பெயர்தான், களை. களையெடுக்கச் சம்பளம் வாங்கியவர்களின் பிள்ளைகள் அந்தக் களையைத்தான் தின்று வளர்ந்தார்கள். மலாக்காத் தமிழர்களின் பழ வேட்டையைப் பற்றி எழுதுவது என்றால், நிர்வாகம் எதை எப்படிக் கொன்றது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரப்பர் வருவதற்கு முன்பே மண் இதற்குத் தயாராகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மலாக்காவின் உட்பகுதிகளில் சீன முதலாளிகள் மரவள்ளி போட்டார்கள். காட்டைச் சாய்த்து, சில போகம் எடுத்து, மண் வெளுத்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். விட்டுப்போன மேடுகளில் லாலான் புல்லும் செண்டுடுக்கும் ஏறிக்கொண்டன. ஜாசின் லாலாங் என்று பெயரிலேயே அந்தப் புல்லைச் சுமக்கும் தோட்டம் ஒன்று இந்த மாநிலத்தில் உண்டு. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தும் யாரும் காது கொடுக்காத காலத்தில், டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் வைத்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில், மரவள்ளிக்கு இடையிலேயே ரப்பர் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கெமுனிங், தெபோங், செர்காம், டயமண்ட் ஜூபிலி என்று தோட்டங்கள் விரிய, கங்காணிமார் கூட்டி வந்த தமிழ்ச் சனம் லயங்களில் குடியேறியது.

வந்தவர்களில் ஆண்களும் பெண்களுமாகப் பாதிப் பேர் பால் வெட்டப் போனால், மீதிப் பேருக்கு வெளிக்காட்டு வேலை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, நிரை பிரித்துக்கொண்டு களை கொத்தப் போவார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தரையில் ஒரு புல் இருக்கக் கூடாது. மண் வெறும் மண்ணாகத் தெரிய வேண்டும். மழையில் மேல்மண் அடித்துப்போன பிறகுதான் புத்தி வந்து, 1920-களின் கடைசியிலிருந்து மெல்ல மெல்ல மூடுகொடி வளர்ப்பது வழக்கமானது. அப்போதும் செண்டுடுக்குக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. ஆனால் கொத்துகிற கைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நிரையைக் கொத்திவிட்டு மறுபடி அதே நிரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வேர் முழுதாக வராத செடி அதற்குள் துளிர்த்து, பூத்து, காய்த்து முடித்துவிடும். அல்லூறு ஓரம், கோயில் பின்புறம், ஆயாக் கொட்டகை வேலி, சுடுகாட்டுப் பாதை இங்கெல்லாம் களை கொத்தும் சங்கோல் வருவதே அபூர்வம். பிள்ளைகளின் தோப்பு இந்த இடுக்குகளில்தான் இருந்தது.

அங்கே செண்டுடுக் மட்டும் இல்லை. வலைப்பின்னல் பைக்குள் மஞ்சள் கோலி போல உட்கார்ந்திருக்கும் சிறுபூனைக்காலிப் பழம், புறங்கையில் அடித்தால் ‘டப்’பென்று வெடிக்கும் சொடக்குத் தக்காளி. இந்த இரண்டையுமே மலாய்ப் பிள்ளைகள் லெத்துப் லெத்துப் என்பார்கள், நம் பிள்ளைகளும் அப்படியே. ரப்பர் நிழலில் செண்டுடுக்கின் ஒன்றுவிட்ட தங்கை போல ஒரு ரோமச் செடி வரும். காய் முழுக்க மயிர், உள்ளே நல்ல இனிப்பு. கிளிடேமியா என்று தாவர நூல்கள் சொல்லும் அது அமெரிக்க வெப்பநாட்டுச் செடி. சிறுபூனைக்காலியும் அங்கிருந்து வந்ததுதான். செரிப்பழ (தேன்பழ) மரமும், ஏன், பால்மரமேகூட அந்தப் பக்கத்துச் சரக்குதான். உள்ளூர்க்காரர் என்று மார்தட்டிக்கொள்ள அந்த நிரையில் செண்டுடுக்கைத் தவிர அதிகம் பேர் இல்லை.

தமிழ்நாட்டு வாசகர்கள் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் தவிட்டுப்பழம் தின்றிருப்பார்கள். அதே செடி மலேசியத் தீபகற்பத்தில் கெமுந்திங். இளஞ்சிவப்புப் பூவும் வெல்வெட் தோலும் கொண்டது. ஆனால் அதற்கு மணல் தரை வேண்டும், கிழக்குக் கரைதான் அதன் ராஜ்ஜியம். மலாக்காத் தோட்டத்துக்காரர்கள் உறவு பார்க்க அந்தப் பக்கம் போனால் தின்றதோடு சரி.

இனி மருந்துக் கதை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் பின்பும் தோட்டங்களில் லாலானைக் கருக்கப் பாவித்தது சோடியம் ஆர்செனைட், அதாவது பாஷாணம். தெளித்த புல்லை மேய்ந்து மாடு செத்த கதை இல்லாத தோட்டத்தைக் காட்டுவது கடினம். லயத்தில் மாடு வளர்த்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்தான், நட்டமும் அவர்களுக்குத்தான். 1960-களின் தொடக்கத்தில் பாராகுவாட் வந்தது. 1974-இல் கிளைபோசேட், ரவுண்டப் என்ற பெயரில் உலகச் சந்தையில் முதன்முதலாக விற்பனைக்கு இறங்கியபோது, பிரிட்டனில் கோதுமை வயலுக்கும் மலேசியாவில் ரப்பர் தோட்டத்துக்கும்தான் முதலில் வந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற களைக்கொல்லியின் முதல் களங்களில் ஒன்று நம் ஆட்கள் தெளித்த நிரைகள். இதைப் பெருமை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு மருந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, பழம் பொறுக்குகிறவர்களுக்கு உயிர் போகிற வித்தியாசம். பாராகுவாட் விழுந்த இலை வெயில் பட்டால் அன்றைக்கே வாடி, மறுநாள் கருகிவிடும். எந்த நிரையில் மருந்து விழுந்திருக்கிறது என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கருகின செடியை யாரும் தொட மாட்டார்கள். கிளைபோசேட் அப்படியல்ல. அது இலை வழியாக இறங்கி வேர்வரை போய்ச் செடியை நிதானமாகக் கொல்லும். ஒரு வாரம், பத்து நாள்வரைகூடச் செடி பச்சையாகவே நிற்கும், பழமும் பளபளவென்றே இருக்கும். ‘எந்த நெரையில பொறுக்கின? மருந்தடிச்ச நெரையா?’ என்ற கேள்வி தோட்டத்து வீடுகளில் அடி விழுவதற்கு முன் வரும் கேள்வியானது இப்படித்தான். அம்மாவுக்கு அந்த விவரம் தெரியும், ஏனென்றால் காலையில் முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து அந்த நிரையில் தெளித்தவளே அவள்.

மருந்தடிப்பு பெரும்பாலும் பெண்கள் வேலை. கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல், கசியும் தோம்போடு நாள் முழுக்க. நகம் நிறம் மாறி உதிர்வதும் மூக்கில் ரத்தம் வருவதும் தோலில் புண் வைப்பதும் வேலையின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் தெனாகனித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதையெல்லாம் வரிசையாகப் பதிவுசெய்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடைசெய்வதாக அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்குள் அந்தத் தலைமுறைப் பெண்கள் ஓய்வுபெற்று, பலர் போயும் சேர்ந்திருந்தார்கள். இப்போது தோம்பு வங்காளதேசத்துக்காரர், இந்தோனேசியர் முதுகில் இருக்கிறது.

பருவத்துக்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்க்க, பின்லாந்து நாட்டில் யாருடைய காடாக இருந்தாலும் எவரும் போய்ப் பழம் பறிக்கலாம், உரிமை உண்டு. ஜூலை கடைசியில் பழுக்கத் தொடங்கினால் பனி விழும் வரைதான் அங்கே கெடு. பகல் நீள்வதும் குறுகுவதும் அங்குள்ள செடிக்குக் கடிகாரம். மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு இரண்டே பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே கால் மணி நேரம்தான் வித்தியாசம். இந்தக் கடிகாரத்தை நம்பிச் செடி எதையும் தீர்மானிப்பது கடினம். அதனால் சில செடிகள் நினைத்தபோதெல்லாம் காய்க்கின்றன. செண்டுடுக்கில் ஒரே கொப்பில் மொட்டும் பூவும் வெடித்த பழமும் ஒன்றாகக் கிடக்கும், செரியும் அப்படியே. பெரிய மரங்கள் வேறு அடையாளத்துக்குக் காத்திருக்கின்றன: நீண்ட காய்ச்சல், அதாவது மழையில்லாத வறட்சி, இரவில் கொஞ்சம் குளிர்.

மலாக்காவுக்கு அந்தக் காய்ச்சல் ஜனவரி, பிப்ரவரியில் வரும். தீபகற்பத்தில் மழை குறைந்த மாநிலங்களில் இதுவும் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர், அதுவும் ஏப்ரல் மே-யில் ஒரு தடவை, அக்டோபர் நவம்பரில் ஒரு தடவை என்று கூடிப் பெய்யும். காய்ச்சலில் பால்மரம் இலை கொட்டும். தோட்டத்தில் அது பஞ்ச காலம், பால் சுருங்கும், சம்பளம் சுருங்கும். செங் பக்கத்துச் சன்னாசிமலையில் மாசி மகத்துக்குக் காவடி எடுத்துப் போகிறபோது வழியிலிருந்த ரப்பர்க் காடெல்லாம் மொட்டையாக நின்றதைப் பழைய ஆட்கள் மறக்கவில்லை. ஆனால் மேலே கூரை இல்லாமல் போனால் தரைக்கு வெயில் கிடைக்குமே! ஆண்டு முழுக்க நிழலில் ஒடுங்கிக் கிடந்த ஓரச் செடிகளுக்கு அந்தச் சில வாரம்தான் வாழ்வு. ஏப்ரல் மழையும் சேர்ந்தால் பழம் கூடும். பெரியவர்கள் கையில் காசு மெலிந்திருந்த அதே நாட்களில் பிள்ளைகளின் நாக்கு கறுத்துக் கிடந்தது. ஆகஸ்ட் வாக்கில் ரப்பர்க் கொட்டை வெயிலில் ‘பட்பட்’டென்று வெடித்துச் சிதறும்போது அவர்கள் பழத்தை விட்டுவிட்டுக் கொட்டை விளையாட்டுக்குப் போய்விடுவார்கள்.

செம்பனைக்கு இலையுதிர்வு கிடையாது. 1970-கள் தொட்டு ரப்பர் சாய்ந்து செம்பனை ஏறியபோது, பலர் கூலியைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் பேசினார்கள், எழுதினார்கள், அது நியாயம்தான். தரையில் விழுந்த வெயிலைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஏழெட்டு வயதான செம்பனையின் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் பிறகு வருடம் முழுக்க ஒரே இருட்டு. மரத்தைச் சுற்றி வட்டமாகவும், குலை தூக்கிப் போகும் தடத்திலும் மருந்தடிப்பார்கள். நடுவே பெரணி மட்டும் பிழைக்கும். செண்டுடுக்கும் கிளிடேமியாவும் செம்பனைக் கையேடுகளிலும் ஒழிக்க வேண்டிய புதர்ப் பட்டியலில்தான் இருக்கின்றன. பையுறைப் புழுவைத் தின்னும் பூச்சிகளுக்காக, அதே நிர்வாகங்கள் சாலையோரம் வரிசையாகத் தர்னேரா பூச்செடி வைத்து வளர்ப்பதையும் பார்க்கலாம். வேலைக்கு உதவும் களைக்கு மட்டும் குடியுரிமை.

இந்தச் செம்பனையின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ வனக்காப்பு, ஆய்வாளர்கள் 50 ஹெக்டர் துண்டு ஒன்றை அளந்து, விரல் மொத்தமுள்ள மரத்தைக்கூட விடாமல் எண்ணி வைத்திருக்கும் காடு. அந்தத் துண்டில் மட்டும் 800-க்கும் மேற்பட்ட மர இனங்கள் உண்டு. வெட்டுப்படாத அந்தக் காட்டுக்குள் நம் ரோமப்பழச் செடி கிளிடேமியா நுழைந்திருப்பதை 2001-இல் ஓர் ஆய்வு சொன்னது. வழி விட்டது காட்டுப்பன்றி. சுற்றியுள்ள செம்பனைகளில் உதிர்ந்த பழத்தைத் தின்று பெருத்த பன்றிகள் காட்டுக்குள் வந்து மண்ணைக் கிளறும். குட்டி போட இளங்கன்றுகளை ஒடித்துக் கூடு கட்டும். கிளறிய மண்ணும் திறந்த வெயிலும் கிடைத்ததும் கிளிடேமியா முளைத்துவிட்டது. தோட்டத்தில் மருந்துக்குச் செத்த பழம், நடுக்காட்டில் பன்றியின் தயவில் பிழைத்தது. அங்கே போய்ப் பறிக்க முடியாது என்பது வேறு விஷயம்: 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி நிரந்தர வனக்காப்பில் உரிமம் இல்லாமல் வனப்பொருள் எடுப்பது குற்றம். மலாக்காவின் சுங்கை ஊடாங், புக்கிட் செங்கே காடுகளுக்கும் இது பொருந்தும்.

பாசோ போன்ற காடுகளில் பல ஆண்டு இடைவெளி விட்டு, நூற்றுக்கணக்கான இனங்கள் ஒரே சமயத்தில் பூத்துக் காய்க்கும் அதிசயம் நடக்கும். கொறிப்பவை எவ்வளவு தின்றாலும் மிஞ்சுகிற அளவுக்குக் கொட்டித் தீர்க்கும் உத்தி அது. அதற்கான கட்டளை காய்ச்சலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வருவது என்று தெரிந்திருக்கிறது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் மரத்தோப்பில் 1976 முதல் 2010 வரை மாதாமாதம் ஆட்கள் அண்ணாந்து பார்த்து எழுதிவைத்த பூக்கணக்கு உண்டு. அதை வைத்துப் பின்னால் கணித்தவர்கள், இரவு வெப்பம் ஏற ஏற இந்தக் கூட்டுப் பூப்பு குறையும் என்கிறார்கள். டுரியானுக்கும் பூக்கக் காய்ச்சல் வேண்டும். பூத்த பிறகு மழை கொட்டினால் அத்தனையும் தரையில் கிடக்கும். டுரியான் துங்கல் அணை 1991-இல் வறண்டு மலாக்காவே தண்ணீருக்கு வரிசையில் நின்றது. எவ்வளவு காய்ச்சல் நல்லது, எவ்வளவு கெடுதல் என்று வரையறுப்பது அவ்வளவு சுலபமில்லை.

பூப்பு தவறினால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்றால், காஜா பேராங் கம்போங் செட்டியைச் சொல்வேன். சுல்தான்கள் காலத்து வணிகர்களின் வழி வந்த மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். முன்னோர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை பர்ச்சு படைக்கிறார்கள். போகியன்று ஒன்று. இன்னொன்று பர்ச்சு புவா-புவாஹான், பழப் படையல். ஜூன் ஜூலையில் டுரியானும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் இறங்குகிறபோது வைப்பது. எனக்குத் தெரிந்து, பழக்காலத்தை வைத்தே முன்னோரை அழைக்கும் வழக்கம் தோட்டத்துத் தமிழரிடம் இல்லை. நாம் ஆடியையும் தையையும் கப்பலில் கூடவே கொண்டுவந்து இந்த மண்ணின் மேல் போர்த்திக்கொண்டோம். அவர்கள் இந்த மண்ணின் பருவத்துக்குள் தங்கள் சாமியை அமர்த்திவிட்டார்கள். பூ தவறுகிற ஆண்டில் படையல் இலைக்கு டுரியான் சந்தையிலிருந்துதான் வர வேண்டும்.

நெல்லியைச் சொல்லாமல் விட்டால் மலாக்காக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். 1400 வாக்கில் மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் ஓய்ந்திருந்தபோது சருகுமான் ஒன்று அவருடைய வேட்டைநாயை எட்டி உதைத்தது, அந்த மரத்தின் பெயரே ஊர்ப்பெயரானது என்பது கதை. அந்த மரம் நம் நெல்லிதான். மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமானோடு அது நிற்கிறது. ஔவையையும் அதியமானையும் இந்த இடத்தில் இழுத்து வராத தமிழ்க் கட்டுரையை நான் படித்ததில்லை, எனவே இதில் விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது வேறு: சின்னத்தில் உள்ள அந்த மரம் பூங்காக்களில் பெயர்ப்பலகையோடு நிற்கிறது. பழம் உதிர்ந்தால் பொறுக்க ஆளில்லை.

தோட்டங்கள் துண்டாகி விற்பனைக்குப் போய், லயத்துக்காரர்கள் புக்கிட் பெருவாங், செங், குருபோங் பக்கத்துத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட பிறகு, பழங்களும் கூடவே வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். செரி மரத்தை யாரும் நடுவதில்லை. வௌவால் தின்று எச்சமிட்ட இடத்தில், கடைவரிசைக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்து விரிசலில் முளைத்து விறுவிறுவென வளர்ந்து நிழல் தரும். சிவந்த பழத்தை நுனியில் கடித்து உறிஞ்சினால் சர்க்கரைப் பாகு. தமிழ்நாட்டில் இதைத் தேன்பழம் என்பது பொருத்தமான பெயர். பழம் விழுந்து கார்க் கூரை பிசுபிசுத்தால் மரத்துக்கு ஆயுள் முடிந்தது. செண்டுடுக் புது வீடமைப்புக்காக வெட்டிய மண்மேட்டில் குத்தகைக்காரர் திரும்பி வரும்வரை வாழ்கிறது. இடமும் பழமும் தோட்டத்தில் இருந்ததைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். குறைந்தது தின்கிறவர்கள்தான். பள்ளி வேன் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறது, வேனுக்கும் வாசலுக்கும் இடையே எந்தப் புதரும் இல்லை. பேரங்காடியில் குளிர்ப்பெட்டியில் தென்னமெரிக்க ப்ளூபெரி இருக்கிறது, அதை வாங்கிக் கொடுக்கிற பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது.

வேடிக்கை எதுவென்றால் மணத்தக்காளிதான். ஜாலான் பெண்டஹாரா வட்டாரத்து மளிகைக் கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து பொட்டலமாக வந்திறங்கும் மணத்தக்காளி வற்றலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கடைக்குப் பின்னால் அல்லூறு விளிம்பில் அதே செடி கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கும். மலாய்க்காரர்கள் ராந்தி என்பார்கள். அல்லூறு ஓரத்தில் பறிக்காதீர்கள், அங்கே என்னென்ன தண்ணீர் ஓடுகிறதோ. வீட்டுத் தொட்டியில் ஒரு கறுத்த பழத்தை நசுக்கித் தூவினால் இரண்டு வாரத்தில் முளைக்கும். பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது, அதில் நச்சு உண்டு. கறுத்துக் கனிந்ததைத் தின்னலாம். வற்றலுக்குக் காயை மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மறுபடி மோர் என்று மூன்று நாள். மலாக்காவில் பிப்ரவரி வெயில் இதற்கு வாகு. அக்டோபரில் தொடங்கினால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

போகிற போக்கில் மற்ற எச்சரிக்கைகளும். சாலையோரச் செண்டுடுக்கில் இலைகள் வெளிறியோ சுருண்டோ இருந்தால் மருந்து விழுந்திருக்கலாம், பழம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பச்சையாக இருந்தாலும் சுற்றியுள்ள புல்லைப் பாருங்கள், அது மஞ்சளாகிக்கொண்டிருந்தால் செடி இன்னும் சாகவில்லை என்றுதான் பொருள். உண்ணிச்செடியின் பச்சைக் காய் நஞ்சு. சிவப்பும் கறுப்புமாகச் சிரிக்கும் குண்டுமணி நகைக்கு ஆகும், வாய்க்கு ஆகாது. ரப்பர்க் கொட்டையில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியே சோறாக இருந்த மூன்றரை ஆண்டிலும்கூட எதை எப்படி அவித்து எத்தனை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று தெரிந்த கைகள்தான் இப்படிப்பட்டதைத் தொட்டன. அந்தக் கைகளின் அறிவு எழுதிவைக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மூலிகை அகராதிகள் உண்டு, மலாயில் உணவுச்செடி நூல்கள் உண்டு. லயத்துப் பாட்டிகள் எந்தப் பழத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள், எதை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தார்கள், எதைத் தொடாதே என்றார்கள் என்று திரட்டிய தமிழ் நூல் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதைத் திரட்ட ஆள் தேவையென்றால் மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்குமேல் இன்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கியோ தோட்டத்தை ஒட்டியோ நிற்பவை. இந்த மாநிலத்தில் ரப்பர் முதலில் வேர்விட்ட புக்கிட் லிந்தாங்கிலும் ஒன்று உண்டு. தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் விதை பரவல் வருகிறது. பாடநூலில் உள்ள படத்தைவிட வேலியோரத்துச் செடி நன்றாகச் சொல்லிக் கொடுக்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் பெயர் கேட்டு எழுதி வரலாம். முதலில் செய்ய வேண்டியது இது: வேலியோரத்து இரண்டு செண்டுடுக்கையும் ஒரு செரியையும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள், மருந்து மட்டும் அடிக்க வேண்டாம் என்று புல் வெட்டும் குத்தகைக்காரரிடம் தலைமையாசிரியர் சொல்லிவைக்க வேண்டும். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.